துலாக்கோலும் கட்சிக்கொடியும்

திருக்குறளின் அதிகார வைப்புமுறையில், தமிழ் கற்பிக்கும் நாம் விரைந்து கடந்துவிடும் ஓர் இடம் உண்டு. செய்ந்நன்றி அறிதல் 11ஆம் அதிகாரம். அதனை அடுத்து 12ஆவதாக வருவது நடுவுநிலைமை. ஏன் இந்த வரிசை? பரிமேலழகர் இதற்குக் காரணம் காட்டுகிறார். நமக்கு உதவி செய்தாரிடத்து நன்றி பாராட்டும்போது நடுவுநிலைமை சிதைவதற்கு இடமுண்டு. அவ்விடத்தும் அது சிதையலாகாது என்பதற்காகவே இவ்வதிகாரம் அதன்பின் நின்றது என்பது அவர் கருத்து. பகையினால் நடுவுநிலை கெடும் என்பதை எவரும் அறிவர். நன்றியினாலும் அது கெடும் என்று கண்டு சொன்னது அந்த உரையாசிரியரின் நுண்மை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. அரசனுக்குரிய செங்கோன்மையைப் பொருட்பாலில் தனியே வகுத்த வள்ளுவர், நடுவுநிலைமையை இல்லறவியலில் வைத்தார். சீர்தூக்கும் பொறுப்பு அரியணையில் வீற்றிருப்பவனுக்கு மட்டும் உரியதாயின் அதற்கு இங்கு இடமிருந்திராது. காலையில் தேநீரோடு நாளேட்டை விரித்து, ஆள்வோரை அடுக்களை வாயிலில் நிறுத்தித் தீர்ப்புக் கூறும் நமக்கும் அது கடமையாகிறது. அக்கடமையை நாம் எவ்வாறு ஆற்றி வருகிறோம்?

ஈப்போவை ஒட்டிய எங்கள் ஜெலாப்பாங்கின் பெயர் நாடு முழுவதும் ஒலித்த காலம் ஒன்று உண்டு. 2008ஆம் ஆண்டு மார்ச் மாதத் தேர்தலில் பேராக் சட்டமன்றத்தின் 59 இடங்களில் 31 இடங்கள் பின்னர் மக்கள் கூட்டணியாக இணைந்த மூன்று கட்சிகளுக்கும், 28 இடங்கள் தேசிய முன்னணிக்கும் கிடைத்தன. 2009 ஜனவரி இறுதியில், போத்தா தொகுதியின் அம்னோ உறுப்பினர் நசாருடின் ஹாஷிம் மக்கள் கூட்டணிக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வட்டாரத்தில் மகிழ்ச்சி பொங்கியது. மனச்சான்றுள்ள மனிதர், மக்கள் தீர்ப்பை உணர்ந்தவர், துணிவுடையவர் என்றெல்லாம் அவரைப் புகழ்ந்தோம். பத்து நாட்கள் கழிந்தன. பெஹ்ராங், சங்காட் ஜெரிங் தொகுதிகளின் உறுப்பினர்களும், ஜெலாப்பாங்கின் உறுப்பினரும் சட்டமன்றத் துணைத் தலைவருமான ஹீ யிட் ஃபூங்கும் தத்தம் கட்சியை விட்டு வெளியேறித் தேசிய முன்னணிக்கு ஆதரவளித்தனர். புகழ்பெற்ற போத்தா உறுப்பினரும் பழைய கட்சிக்கே திரும்பினார். கணக்கு 28க்கு 31 ஆயிற்று. பிப்ரவரி 6ஆம் நாள் ஸம்ரி அப்துல் காதிர் மந்திரி புசாராகப் பதவியேற்றார். ஜனவரியில் நாங்கள் மனச்சான்று என்றதற்குப் பிப்ரவரியில் துரோகம் என்று பெயர் வந்தது. எதிர்த்தரப்பாரும் இதற்குக் குறைந்தவரல்லர். போத்தா உறுப்பினர் போனபோது துரோகத்தைக் கண்டவர்கள், ஜெலாப்பாங் உறுப்பினர் வந்தபோது மனச்சான்றைக் கண்டார்கள்.

இதில் பொய் பேசியவர் எவர் என்று தேடினால் பெரும்பாலும் எவரும் அகப்படமாட்டார். இதுவே என் சிந்தனையைத் தூண்டிய செய்தி. இருவேறு அளவுகோல் என்றால் பொய்யுரைத்தல் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் நாம் மாற்றிக்கொள்வது கேள்வியை. நம் பக்கம் ஒருவர் வந்தால், அவர் ஏன் அந்தக் கட்சியை விட்டார் என்று கேட்கிறோம். அக்கேள்விக்குரிய விடை அந்தக் கட்சியின் குற்றங்களில் கிடைக்கிறது. நம் பக்கத்திலிருந்து ஒருவர் போனால், அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்று கேட்கிறோம். அதற்குரிய விடை அம்மனிதரின் குற்றங்களில் கிடைக்கிறது. இரண்டு கேள்விகளும் நேர்மையான கேள்விகளே. இருவரிடத்தும் இரண்டையும் கேட்டிருந்தால் நடுவுநிலை பிழைத்திருக்கும்.

அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்னர், 2008 செப்டம்பர் 16ஆம் நாளுக்குள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் கட்சி மாறி வருவர், ஆட்சி மாறும் என்று எதிர்பார்த்து நாட்காட்டியைப் பார்த்திருந்தவர்கள் நம்மில் பலர். அவர்களே 2020 பிப்ரவரியில் உறுப்பினர்கள் கட்சி மாறியதால் ஆட்சி கவிழ்ந்தபோது, வாக்காளரின் தீர்ப்பு களவு போயிற்று என்று வருந்தினர். கட்சித் தாவலைத் தடுக்கும் அரசமைப்புத் திருத்தம் 2022 ஜூலையில் மக்களவையில் 209 உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறியது. அவ்வாண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இரு தரப்பும் சூடுபட்ட பின்னரே அந்த ஒற்றுமை பிறந்தது என்பது என் துணிபு.

கட்சி மாறுவோரைப் பற்றிய தீர்ப்பில் நமக்கு ஆத்திரம் மிகுதி. பொதுப்பணத்தைப் பற்றிய தீர்ப்பில் ஆத்திரம் அடங்கி, எண்கள் பேசுகின்றன. எண்கள் நடுநிலையானவை என்று எண்ணுவோர் 2018ஆம் ஆண்டு மே மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். புதிதாகப் பதவிக்கு வந்த அரசு, நாட்டின் கடனும் பொறுப்புகளும் ஒரு டிரில்லியன் வெள்ளியைக் கடந்துவிட்டன என்று அறிவித்தது. 2017 இறுதியில் கூட்டரசின் நேரடிக் கடன் 686.8 பில்லியன் வெள்ளி. அதனோடு அரசு பிணை நின்ற கடன்களில் 199.1 பில்லியனும், தனியாரோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்குச் செலுத்தவேண்டிய 201.4 பில்லியனும் கூட்டப்பட்டன. கூட்டல் சரியே. பிணைப்பணத்தைக் கடனாகக் கொள்ளலாமா என்பது பொருளியலார் வாதிடத்தக்க நல்ல கேள்வி. ஆனால் என் நண்பர்களிடையே அதற்கு விடை காண்பது எளிதாயிருந்தது. எந்த அரசு பிடிக்காதோ அதன் கடனைக் கூட்டிப் பார்ப்பர். பிடித்த அரசின் கடனைப் பிரித்துப் பார்ப்பர். கொவிட் பெருந்தொற்றினால் கடனின் சட்ட வரம்பு உள்நாட்டு மொத்த உற்பத்தியில் 55 விழுக்காட்டிலிருந்து 2020இல் 60 ஆகவும் 2021இல் 65 ஆகவும் உயர்ந்தபோது, கூட்டியவர்கள் சிலர் பிரிக்கவும் பிரித்தவர்கள் சிலர் கூட்டவும் தொடங்கியதைக் கண்டேன்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்காவில் அரசு வாங்கக்கூடிய கடனுக்கு நாடாளுமன்றம் வரம்பு கட்டுகிறது. வரம்பு நிறைந்தால் உயர்த்தித் தரவேண்டும். 2006ஆம் ஆண்டில் அதிபர் ஜார்ஜ் புஷ் காலத்தில் வரம்பை உயர்த்த முற்பட்டபோது எதிர்த்து வாக்களித்த செனட்டர்களுள் ஒருவர் பராக் ஒபாமா. 2011இல் அவரே அதிபராக அமர்ந்து அதே வரம்பை உயர்த்தித் தருமாறு கேட்கவேண்டியதாயிற்று. தம் பழைய வாக்கு தவறு என்று அப்போது அவர் ஒப்புக்கொண்டார். புஷ் காலத்தில் வரம்பைப் பலமுறை உயர்த்திக் கொடுத்த குடியரசுக் கட்சியோ, ஒபாமா காலத்தில் செலவைக் குறைத்தாலன்றி இசையோம் என்று நின்றது. டோனல்ட் டிரம்ப் முதன்முறை பதவியேற்ற 2017 ஜனவரியில் ஏறத்தாழ 20 டிரில்லியன் டாலராக இருந்த கடன், அவர் விலகிய 2021 ஜனவரியில் 27 டிரில்லியனைத் தாண்டியிருந்தது. அதில் ஒரு பங்கு பெருந்தொற்றின் பங்கு. ஒரு பங்கு அதற்கு முன்னரே சேர்ந்தது. 2011இல் முழங்கிய குரல்கள் அந்த முதற்பங்கின்போது தாழ்ந்தே ஒலித்தன. தம் அதிபர் செலவிட்டால் எதற்காகச் செலவிட்டார் என்று கேட்பதும், மாற்றார் அதிபர் செலவிட்டால் யார் திருப்பிக் கட்டுவது என்று கேட்பதும் அங்கும் வழக்கமாகவே உள்ளது.

ஜெப்ரி கோஹன் என்னும் அமெரிக்க உளவியலாளர் 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்குக் கருதத்தக்கது. ஏழைகளுக்கு அரசு வழங்கும் உதவித் திட்டங்களைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து அவர் கருத்துக் கேட்டார். ஒரு திட்டம் தாராளமானது. மற்றொன்று மிகக் கடுமையானது. எந்தக் கட்சி அதனை ஆதரிக்கிறது என்னும் குறிப்பை மட்டும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். தாராள மனத்தினர் எனத் தம்மைக் கருதியவர்கள், தம் கட்சி ஆதரிக்கிறது என்று அறிந்தவுடன் கடுமையான திட்டத்தையும் ஏற்றனர். சிக்கனம் பேசுவோரும் தம் கட்சியின் பெயரைக் கண்டதும் தாராளத் திட்டத்தை வரவேற்றனர். இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. தாங்கள் திட்டத்தின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்ததாக அவர்கள் நம்பினார்கள். கட்சிப் பெயருக்கு மயங்குபவர்கள் மற்றவர்களே என்றார்கள். அயலார் குற்றத்தைக் காண்பதுபோல் தம் குற்றத்தைக் காணவேண்டும் என்று வள்ளுவர் புறங்கூறாமையில் விரும்பினாரே, அவ்விருப்பம் எத்துணை அரிது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சூழ்நிலை வேறு, ஆகவே தீர்ப்பும் வேறு என்று இங்கு ஒருவர் மறுக்கலாம். அம்மறுப்பில் பொருள் உண்டு. பெருந்தொற்றில் கடைகள் மூடிக் கிடந்தபோது கடன் வாங்கியதையும், வாணிகம் செழித்த ஆண்டில் கடன் வாங்கியதையும் ஒரே தட்டில் வைத்தல் முறையாகாது. ஆயினும் சூழ்நிலை என்னும் சொல்லை நாம் யாருக்காக எடுத்து வைத்திருக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளல் வேண்டும். மாற்றார் அதே விளக்கத்தைக் கூறியபோது சாக்குப்போக்கு என்று தள்ளியிருந்தால், நம்மவருக்காக அதனை எடுத்து நீட்ட நமக்கு உரிமையில்லை.

நடுவுநிலை என்னும் பெயரில் உலவும் சோம்பல் ஒன்றும் உண்டு. எல்லாரும் திருடர்கள், எவன் வந்தாலும் ஒன்றுதான் என்று கைகழுவிவிடுவது அது. ஆசிரியர் அறைகளில் இதற்கு மதிப்பு மிகுதி. இதைச் சொல்பவர் அறிவாளியாகத் தோற்றமளிப்பார். நாற்பது விடைத்தாள்களையும் படித்துப் பாராமல் எல்லாவற்றுக்கும் நாற்பது மதிப்பெண் இட்ட ஆசிரியரை எவரும் நடுநிலையாளர் என்று சொல்லமாட்டார்.

இவ்வளவும் எழுதிய பின் என் கணக்கையும் காட்டவேண்டும். 2012ஆம் ஆண்டில், மாத வருமானம் 3,000 வெள்ளிக்கு மேற்படாத குடும்பங்களுக்கு 500 வெள்ளி வழங்கும் திட்டத்தை அன்றைய அரசு தொடங்கியது. மக்கள் அதனைப் பிரிம் என்று அழைத்தனர். பின்வந்த ஆண்டுகளில் அத்தொகை உயர்ந்து 2017இல் உச்ச அளவாக 1,200 வெள்ளியாயிற்று. எதிரணியினர் பலர் அதனை வாக்குக்குக் கொடுக்கும் கையூட்டு என்றனர். அரசு ஊழியனாகிய நான் மேடையேறிப் பேசவில்லை. ஆனால் பெற்றோர் சிலரோடு பேசிக்கொண்டிருந்த வேளையில், அது தேர்தல் தூண்டில், மானமுள்ளவர் அதற்கு வாய்திறக்கலாகாது என்று கூறினேன். 2018இல் ஆட்சி மாறியது. 2019 ஜனவரியில் பந்துவான் சாரா ஹிடுப் என்னும் புதிய பெயரில் உதவித்தொகை வந்தது. வருமானத்திற்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் ஏற்பத் தொகை வேறுபட்டது. அது ஒரு சீர்திருத்தமே. எனினும் ஏழை வீட்டுக்கு அரசு பணம் கொடுப்பது என்னும் அடிப்படை மாறவில்லை. ஒரு சனிக்கிழமை காலை பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் மேசை போட்டு, பாரம் நிரப்பத் தெரியாத பெற்றோருக்கு நானே நிரப்பிக் கொடுத்தேன். இது சமூகநீதி, வாங்குவதில் இழிவு ஏதும் இல்லை என்று வந்தவர்களுக்கு விளக்கமும் சொன்னேன்.

அவ்வரிசையில் ஒரு மாணவனின் பாட்டியார் வந்தார். இளமையில் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபின் மகனோடு ஜெலாப்பாங்கில் குடியேறியவர். அடையாள அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு, "ஐயா, அப்போ இத வாங்கக்கூடாது, தூண்டிலுன்னு சொன்னீங்க. நான் அந்த வருசம் போடவே இல்ல. இப்போ பேரு மட்டும் மாறியிருக்கா, இல்ல வேற காசா?" என்று கேட்டார்.

கேலியாகக் கேட்கவில்லை. அறிந்துகொள்ளவே கேட்டார். என் சொல்லை நம்பி ஓராண்டு 500 வெள்ளியை அவர் விட்டிருக்கிறார். அப்பணத்தில் எத்தனை மாத அரிசி அடங்கும் என்பதை அவர் கணக்கிட்டிருப்பார், நான் கணக்கிடவில்லை. அந்நாளில் நான் கேட்ட கேள்வி, கொடுப்பவன் ஏன் கொடுக்கிறான் என்பது. இந்நாளில் கேட்ட கேள்வி, வாங்குபவருக்கு என்ன பயன் என்பது. முன்னைய ஆண்டில் இரண்டாம் கேள்வியையும், பின்னைய ஆண்டில் முதற்கேள்வியையும் நான் கேட்கவில்லை. தேர்தலை ஒட்டித் தொகை உயர்வது எந்த ஆட்சியிலும் ஐயுறத்தக்கது. தேவைப்பட்டவர் கைக்குப் பணம் போய்ச் சேர்வது எந்த ஆட்சியிலும் வரவேற்கத்தக்கது. இரண்டையும் ஒருங்கே சொல்லியிருந்தால் அந்த அம்மையார் தாமே முடிவு செய்திருப்பார். என் பக்கத்து நன்றியும் என் பக்கத்துக் கோபமும் சேர்ந்து அவரைத் தராசுத் தட்டிலிருந்தே இறக்கிவிட்டிருந்தன.

2021இல் பந்துவான் பிரிஹாத்தின் ரக்யாட், 2022இல் பந்துவான் கெலுவார்கா மலேசியா, 2023இல் சும்பாங்கான் துனாய் ரஹ்மா என்று அத்திட்டம் மேலும் மூன்று பெயர்களைச் சூடியது. ஒவ்வொரு பெயரையும் அவ்வப்போது பழித்தவரும் புகழ்ந்தவரும் இடம் மாறி அமர்ந்தனர்.

அன்று அவருக்கு நான் சொன்ன விடை, "அதே காசுதான் அம்மா. அன்று நான் சொன்னது தப்பு" என்பதே. வரிசையில் நின்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "சரிங்க ஐயா, கையெழுத்து எங்க போடணும்?" என்றார்.