கோடு நிற்கும் இடம்

பள்ளியிறுதிக் கணக்குப் பாடத்தில் சார்புகளின் வரைபடம் என்றொரு பகுதி உண்டு. கட்டமிட்ட தாளில் ஒரு வளைகோடு வரையப்பட்டிருக்கும். அதன் சார்பகம் யாது, வீச்சகம் யாது என்று வினவப்படும். மாணவர் பலர் இதனைச் சிறு மதிப்பெண்ணுக்குரிய எளிய வினா என்றெண்ணிக் கடந்துவிடுவர். நாமும் அவ்வாறு கடந்தவர்களே. ஆயினும் ஆண்டுகள் பல சென்றபின் அதனை மீண்டும் எண்ணிப் பார்க்கையில், மனிதன் தன் அறிவின் எல்லையைக் குறித்து நேர்மையோடு பேசக் கற்கும் முதற்பாடங்களுள் ஒன்று அதற்குள் ஒளிந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

முறை கடினமானதன்று. வளைகோட்டின் மேலும் கீழுமிருந்து ஒளி பாய்ச்சுவதாகக் கொள்வோம். கிடையச்சின்மீது விழும் நிழலே சார்பகம். இடமும் வலமுமிருந்து ஒளி பாய்ச்சினால் நிலையச்சின்மீது விழும் நிழல் வீச்சகம். ஆதிப்புள்ளியை மையமாகவும் 5 அலகை ஆரமாகவும் கொண்ட மேல் அரைவட்டத்தை எடுத்துக்கொண்டால், கிடையச்சில் நிழல் −5 முதல் 5 வரை நீளும். நிலையச்சிலோ 0 முதல் 5 வரையே எழும். இனி, 6 என்னும் இடத்தில் அச்சார்பின் மதிப்பு என்ன? சுழி என்று விடையளிப்போர் உண்டு. அது தவறு. 5 என்னும் இடத்தில்தான் மதிப்பு சுழி. 6 இல் மதிப்பே இல்லை. சுழி என்பது ஒரு செய்தி. மதிப்பின்மை என்பது செய்தியின்மை. இந்த வேறுபாட்டை உணர்த்துவதற்குள் ஆசிரியர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமன்று.

கோட்டின் முனைகளையும் கூர்ந்து நோக்க வேண்டும். நிறைத்த புள்ளி இருந்தால் அவ்விடம் சேர்த்தி. வெற்று வட்டம் இருந்தால் அதுவரை வந்தும் அதனைத் தொடவில்லை என்று பொருள். அம்புக்குறி இருந்தால் தாள் முடிந்தாலும் கோடு முடியவில்லை. அம்புக்குறியைக் காணாது தாளின் விளிம்பையே எல்லை என எழுதிவிடுவது மாணவர் செய்யும் பிழை. அம்புக்குறி இல்லாத இடத்தில் தாமாகவே ஒன்றை வரைந்துகொள்வது மற்றொரு பிழை. இதனைக் கற்றறிந்த பெரியோரும் செய்வர். அதற்கு உயிர்களே விலையாவதும் உண்டு.

1986 ஜனவரி 27 ஆம் நாள் இரவு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கென்னடி விண்வெளி மையத்தில், சேலஞ்சர் என்னும் விண்வெளி ஓடம் மறுநாட் காலைப் புறப்பாட்டுக்குக் காத்து நின்றது. அன்றிரவு வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே செல்லும் எனக் கணிக்கப்பட்டது. ஓடத்தைத் தூக்கிச் செல்லும் உந்துகலங்களின் இணைப்புகளில் வெப்ப வாயு கசியாதபடி ரப்பர் வளையங்கள் பொருத்தப்பட்டிருந்தன. குளிர்ந்தால் ரப்பர் இறுகும். இடைவெளியை விரைந்து அடைக்காது. உந்துகலங்களைச் செய்தளித்த மார்ட்டன் தியோக்கால் நிறுவனத்தின் பொறியாளர்கள், ரோஜர் போஜோலே முதலியோர், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஓடத்தைச் செலுத்தலாகாது என்று தொலைபேசிக் கலந்தாய்வில் வாதிட்டனர். அஃது ஏறத்தாழ 12 டிகிரி செல்சியசு. ஏன் 53? அதுவரை நிகழ்ந்த பறத்தல்களுள் மிகக் குளிரானது அந்த அளவில் நிகழ்ந்ததே. வேறு சொற்களில் கூறின், தம் அனுபவத்தின் சார்பகம் அங்கே முடிகிறது என்பதே அவர்கள் சொன்னது.

மறுதரப்பார் சான்று கேட்டனர். 30 டிகிரியில் வளையம் தவறும் என்று காட்டும் எண்கள் எங்கே? அத்தகைய எண்கள் எவரிடமும் இல்லை. அக்குளிரில் எவரும் பறந்ததில்லை. பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்கும் கடமை புறப்பட விரும்புவோருடையதாய் இருக்க, பாதுகாப்பற்றது என்று மெய்ப்பிக்குமாறு தாங்கள் நெருக்கப்பட்டதாகப் பொறியாளர்கள் பின்னர்ச் சாட்சியம் அளித்தனர். நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கூடிப் பேசி, முன்னைய பரிந்துரையை மாற்றிக்கொண்டனர். மறுநாள் முற்பகல் 36 டிகிரிக் குளிரில் ஓடம் எழுந்தது. 73 ஆம் நொடியில் சிதைந்தது. எழுவர் மாண்டனர். அவருள் கிறிஸ்டா மெக்காலிஃப் ஒரு பள்ளி ஆசிரியை.

வரைபடம் மௌனமாயிருக்கும் இடத்தில் அம்மௌனம் இசைவா, மறுப்பா? இரண்டுமன்று என்பதே கணிதத்தின் விடை. ஆனால் அறவாழ்வில் மனிதன் இரண்டிலொன்றைச் செய்தாக வேண்டியிருக்கிறது. அப்போது ஐயத்தின் சுமையை யார் தோளில் ஏற்றுவது என்பதே கேள்வி. தவறினால் துன்புறப்போகிறவன் வேறொருவனாக இருக்கும்போது, அச்சுமை செல்ல விரும்புகிறவன் தோளிலேயே இருக்க வேண்டும் என்பது நம் துணிபு.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. விபத்தை ஆராய்ந்த ஆணையம் தன் அறிக்கையில் இரு படங்களை வெளியிட்டது. ஒன்றில் வளையச் சேதம் கண்ட ஏழு பறத்தல்கள் மட்டும். அவை 53 முதல் 75 டிகிரி வரை ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தன. வெப்பத்துக்கும் சேதத்துக்கும் தொடர்பில்லை என்றே அப்படம் கண்ணுக்குச் சொல்லும். கலந்தாய்வில் ஆராயப்பட்டவையும் சேதம் கண்டவையே. மற்றொரு படத்தில் சேதமற்ற பறத்தல்களும் இடம் பெற்றன. உடனே காட்சி மாறியது. 66 டிகிரியும் அதற்கு மேலும் நிகழ்ந்த இருபதில் மூன்றில்தான் சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழும் நிகழ்ந்த நான்கிலும் சேதம். (கண்டிப்பான கணக்காசிரியர் இதனைச் சார்பு என்றே ஒப்பார். 70 டிகிரியில் சில பறத்தல்கள் சேதமுற்றன, சில உறவில்லை. ஓர் உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு என்னும் விதி இங்கே இல்லை. ஆயினும் நிழலை அளக்கும் முறை இதற்கும் பொருந்தும்.) வீச்சகத்திலிருந்து சுழியை நீக்கியதே நடந்த பிழை. ஒன்றும் நேராத நாள்களையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றுகிறது?

நம் துணிபை எதிர்ப்பார் சொல்வதையும் கேட்க வேண்டும். அறிந்த எல்லைக்குள்ளேயே நின்றிருந்தால் முதல் ஓடம் எழுந்திருக்குமா? 1981 ஏப்ரல் 12 இல் ஜான் யங், ராபர்ட் கிரிப்பன் இருவரும் ஏறிய முதல் பறத்தலுக்கு முன்னனுபவம் என்று ஒன்றுமே இல்லை. மெய்தான். புதிய மருந்தை முதலில் உட்கொள்பவனும் அவ்வாறே. அவர்களைக் குறைகூற நாம் அறியோம். ஆனால் அவ்விருவரும் தாம் கால் வைப்பது வெற்று வெளி என்பதை அறிந்து ஏறினர். 1986 இல், இறுதி முடிவெடுத்த மேலதிகாரிகளுக்கே பொறியாளர்களின் முதற்பரிந்துரை எட்டவில்லை என ஆணையம் கண்டது. ஓடத்தில் அமர்ந்திருந்தோரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? எல்லையைத் தாண்டுவது ஒன்று. எல்லை இருப்பதை மறைத்துப் பிறரைத் தாண்டச் செய்வது வேறொன்று.

1986 பிப்ரவரி 11 அன்று ஆணையத்தின் பொது அமர்வில், இயற்பியலாளர் ரிச்சர்டு ஃபைன்மன் அந்த வளையத்தின் ரப்பர்த் துண்டு ஒன்றைச் சிறு கவ்வியால் நெருக்கிப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தினார். சற்று நேரம் கழித்து எடுத்துக் கவ்வியை நீக்கியபோது, ரப்பர் உடனே பழைய வடிவுக்கு மீளவில்லை. வெறுமையாய்க் கிடந்த இடத்தில், உறைநிலைக்கு நேராக, அன்று ஒரு புள்ளி விழுந்தது. அதற்குத் தேவைப்பட்டவை ஒரு குவளைப் பனிநீரும் ஒரு கவ்வியும்.