கடைசிப் பஸ்

உதைபந்தாட்டம் பார்க்கப் போகிறவனுக்குப் பொதுப்பணத்தில் பஸ் கட்டணச் சலுகை கொடுப்பது நியாயமா? கேட்ட மாத்திரத்தில் சிரிப்போர் பலர். மருந்தெடுக்க ஆஸ்பத்திரிக்குப் போக வழியின்றி முதியவள் ஒருத்தி காத்திருக்கும் நாட்டில், பந்து பார்க்கிறவனுக்குச் சலுகையா என்று சினப்போரும் உளர். சிரிப்பை நாம் பொருட்படுத்தவில்லை. சினத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவே அதற்கு விடை கூறியாக வேண்டும்.

பிற நாடுகளில் இதற்கு ஒரு விடை கண்டிருக்கிறார்கள். ஜேர்மனியில் பல கழகங்களின் ஆட்டச் சீட்டே அன்றைய நகரப் போக்குவரத்துக்கும் செல்லும். அதற்கான தொகையைக் கழகம் போக்குவரத்து நிறுவனத்துக்குச் செலுத்திவிடும். சென்னையில் 2024ஆம் ஆண்டு சேப்பாக்கம் கிரிக்கெட் போட்டிகளுக்குச் சீட்டு வாங்கியோர் மாநகர பஸ்களில் கட்டணமின்றிச் சென்றனர். செலவை ஏற்றது சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகம். கூட்டத்தால் இலாபம் பெறுகிறவர் கூட்டத்தின் வழிச்செலவை ஏற்பதில் அறச்சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் அந்த விடை மயிலிட்டிக்கு உதவாது.

மயிலிட்டி, காங்கேசன்துறைக்குக் கிழக்கே கடலைப் பார்த்திருக்கும் மீன்பிடித் துறைமுக ஊர். குருநகர், நாவாந்துறை, பாஷையூர் முதலிய நமது கரையோர ஊர்களிலெல்லாம் கடலோடு பந்தும் வாழ்வில் கலந்திருக்கிறது. இங்கே கழகம் என்பது இலாபம் ஈட்டும் கம்பெனி அன்று. ஊரார் உவந்து கொடுக்கும் பணத்தில் உயிர்வாழும் சங்கம். வழிச்செலவை ஏற்க இங்கு முதலாளி எவரும் இல்லை.

மயிலிட்டியிலிருந்து யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர். ஆனால் தூரத்தை அளக்கக் கிலோமீற்றர் மட்டும் போதாது. 1990 யூன் மாதத்தில் மயிலிட்டி மக்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். உயர் பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட துறைமுகமும் அதனை அடுத்த நிலமுமாக 54 ஏக்கர், 27 ஆண்டுகளின் பின், 2017 யூலை 3ஆம் நாளே விடுவிக்கப்பட்டது. வசாவிளானிலிருந்து பலாலிக்குச் செல்லும் வீதி 2025 ஏப்ரல் 10ஆம் நாள் திறக்கப்பட்டபோதும், காலை 6 மணிமுதல் மாலை 5 மணிவரையே பயணிக்கலாம் என்ற நிபந்தனையுடன் திறக்கப்பட்டது. பந்தாட்டம் மாலையில் நடப்பது. ஆட்டம் முடியுமுன் அடைபடும் வீதியாகத் திறந்தபோது அதனால் இரசிகனுக்கு என்ன பயன் இருந்தது?

இத்தூரத்தை மயிலிட்டியார் விரும்பித் தேடவில்லை. அது அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. பட்டினத்து இரசிகன் ஆட்டம் முடிந்ததும் நடந்தே வீடு சேர்கிறான். கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்ட கரையோர இளைஞன் முச்சக்கர வண்டிக்காரரிடம் விலை பேசி நிற்கிறான். இருவரும் பார்த்தது ஒரே ஆட்டம். கொடுத்த விலையோ வேறு. இந்த வேறுபாட்டை ஈடுசெய்வதைத் தானம் என்பது தவறு.

1958 சனவரி 1ஆம் நாள் தனியார் பஸ் கம்பெனிகள் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. இலாபம் தரும் பாதை நட்டந்தரும் பாதையைத் தாங்க வேண்டும் என்பதே அதன் உட்பொருள். 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. கூட்டம் உள்ள பாதையை நாடுவதும் இல்லாத பாதையைக் கைவிடுவதும் இலாபத்தின் இயல்பு. எனினும் மாணவரின் பருவகாலச் சீட்டுக்கு அரசு இன்றும் பணம் கொடுக்கிறது. பிள்ளையில்லாதவர் வரி அதற்கு ஏன் என்று எவரும் கேட்பதில்லை.

கல்வி அவசியம், விளையாட்டு ஆடம்பரம் என்பர். ஊரைக் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. அத்தலைமுறை ஓரிடத்தில் திரண்டு தன் ஊர்ப்பெயரை உரத்துக் கூவுவது ஆடம்பரமா? சிதறடிக்கப்பட்டவர் மீண்டும் சமூகமாவது வீட்டுத்திட்டத்தால் மட்டும் நிகழ்வதன்று.

ஆயினும் அந்த முதியவளை நாம் மறக்கவில்லை. ஆட்டச் சீட்டைக் காட்டுபவனுக்கு மட்டும் சலுகை என்றால், அது சீட்டு வாங்க வசதி உள்ளவனுக்கே போகும். இருட்டியபின் திரும்ப வழியில்லை என்று வீட்டில் நிறுத்தப்படும் பெண்ணுக்கு அதனால் பயன் இல்லை. ஆகவே மானியம் இரசிகனுக்கு வேண்டாம், பாதைக்கு வேண்டும். ஆட்ட நாளில் மட்டுமன்றி எந்நாளும் பட்டினத்திலிருந்து ஒரு பஸ் பிந்திப் புறப்படட்டும். அதில் இரசிகனும் ஏறுவான். கடையில் வேலை முடித்த பெண்ணும், மாலை வகுப்பு மாணவனும், ஆஸ்பத்திரித் தாதியும் ஏறுவர். நுழைவுக்கட்டணம் அறவிடும் சுற்றுப்போட்டிகள் அச்செலவில் ஒரு பங்கைத் தரலாம், மிகுதி பொதுப்பணம். தனக்கென்று கேட்பது சலுகை. எல்லோருக்குமாகக் கேட்பது உரிமை.

இருப்பது ஒரே பஸ் என்றால் அது காலையில் ஆஸ்பத்திரிக்கே போகட்டும், இரசிகன் பொறுத்திருப்பான். ஆனால் முதியவளையும் இரசிகனையும் ஒரே ஆசனத்துக்குப் போட்டியிட வைத்துவிட்டு, ஒரு பஸ்தான் உண்டு என்பவரிடம், ஏன் ஒன்று மட்டும் என்று இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும்.