கல்லும் சாமியும்

கொல்லிமலையில் எங்கள் வாசலூர்பட்டி ஏரிக்கு வருகிறவர்கள் படகில் ஏறி ஒரு சுற்று வந்துவிட்டுப் போகிறார்கள். காலடியில் கிடக்கும் பாறையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. கருநீலம், உடைத்த முகத்தில் எண்ணெய் பூசிய மினுமினுப்பு. சார்னோகைட் என்று புவியியலாளர்கள் சொல்லும் வகை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் வெகு ஆழத்தில், பெரும் வெப்பத்தில் வெந்து உருவானது. மேலே மூடியிருந்ததெல்லாம் தேய்ந்த பிறகுதான் வெயிலைக் கண்டது.

அந்தப் பாறையும் கரைகிறது. மழை அதிலிருந்த சிலிக்காவை ஊழிக்காலமாகக் கரைத்துக்கொண்டு போக, மலை உச்சியில் அலுமினியம் மிகுந்த பாக்சைட் மிஞ்சியது. அதைத் தோண்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரியில் ஏற்றிய காலமும் உண்டு.

நிலையான இறைவனை ஏன் கல்லில் வைத்தோம்? கல் அழியாது, அதனால் என்று சிறுவயதில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. தோன்றிய உலகமெல்லாம் ஒடுங்கும் என்பது சைவ சித்தாந்தம். எங்கள் மலையின் அறப்பளீசுவரர் கோயில் கல்லும் அதற்கு விலக்கில்லை.

வேறொரு பதிலை எனக்குத் தந்தவை மரத்தடிக் கற்கள். கொல்லிமலையில் மரத்தடிப் பிள்ளையார் பக்கத்தில் சில இடங்களில் வழவழப்பான கற்கள் குவிந்திருக்கும். உள்ளங்கை நீளம், ஒரு முனை அகன்று கூராக, மறுமுனை குறுகி. புதிய கற்காலத்துக் கோடாரிகள். யாரோ ஒருவர் நாள்கணக்கில் தேய்த்துக் கூராக்கியது. பல தலைமுறை கழித்து, ஏர்முனையில் தட்டுப்பட்டதை இன்னொருவர் சாமியிடம் கொண்டுவந்து வைத்தார். என் அப்பாயி பிள்ளையாருக்கு எண்ணெய் தடவினால் அந்தக் கற்களுக்கும் தடவாமல் வரமாட்டார்.

வயதுதான் கல்லைச் சாமியாக்கும் என்றால் லாரியில் போன பாக்சைட்டும் சாமிதான். இனி இது நம் உபயோகத்துக்கு இல்லை என்று மனிதன் கையை எடுத்துக்கொண்டானே, அங்கேதான் புனிதம் பிறக்கிறது என்று நினைக்கிறேன். வேறொரு நாட்டிலும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் நடுவே உலுரு என்று 348 மீட்டர் உயரச் செம்பாறை. 1985இல் அந்த நிலம் அதன் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் திருப்பித் தரப்பட்டது. எங்கள் மூதாதையர் நடந்த புனித வழி, ஏறாதீர்கள் என்று பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2019 அக்டோபர் 26 முதல் யாரும் ஏற முடியாது. உலகமே ஆசைப்பட்ட ஏற்றத்தை விட்டுக்கொடுக்க வைத்தது அவர்களுடைய பக்தி.

எங்கள் மலைக்கு வாருங்கள். மரத்தடியில் அந்தக் கற்களைக் கண்டால் கும்பிடுங்கள், இல்லை சும்மா பாருங்கள். பையில் மட்டும் போட்டுக்கொண்டு போகாதீர்கள்.