கணத்தைத் தேடும் கவுன்டர்

யோகசூத்திரத்துக்கு வியாசர் பெயரில் வழங்கும் உரை, காலத்தைப் பற்றித் துணிச்சலான ஒரு கருத்தைச் சொல்கிறது. ஓர் அணு தான் நின்ற இடத்தை விட்டு அடுத்த இடத்தைச் சேர ஆகும் பொழுதே கணம்; அதுதான் மெய்யாக இருப்பது. முகூர்த்தம், பகல், இரவு எல்லாம் கணங்களை நம் புத்தி கோத்துக்கொண்ட மாலை. வெளியே அப்படியொரு பொருள் இல்லை. மின்துடிப்பை அளக்கும் எலக்ட்ரானிக் கவுன்டரின் வேலையை உற்றுப் பார்த்தால், நிலைமை இதற்கு நேர் எதிராக இருக்கிறது என்றே நான் வாதிடுவேன்.

துடிப்பின் அகலத்தைக் கவுன்டர் அளக்கும் முறை எளியது. துடிப்பு ஏறும்போது உள்ளே ஒரு கதவு திறக்கும், இறங்கும்போது மூடும். இடையில் அதன் கடிகாரம் தட்டிய தட்டல்களை எண்ணிவிடும். கடிகாரம் நொடிக்கு 50 கோடி முறை தட்டினால் ஒரு தட்டலுக்கு 2 நானோநொடி. சிக்கல் கதவில் இருக்கிறது. எந்தத் துடிப்பும் செங்குத்தாக எழுவதில்லை, சரிவாகத்தான் ஏறுகிறது. பூச்சியத்திலிருந்து 5 வோல்ட்டை எட்ட 50 நானோநொடி எடுத்து, அதே வேகத்தில் இறங்கும் ஒரு துடிப்பை எடுத்துக்கொள்வோம். பாதி உயரத்தில், 2.5 வோல்ட்டில், கதவு திறந்து மூடினால் அகலம் 1000 நானோநொடி என்று வைத்துக்கொண்டால், கதவை இயக்கும் இந்த டிரிகர் அளவை அரை வோல்ட்டுக்கு இறக்கியதும் அதே துடிப்பு 1040 ஆகிறது; நாலரை வோல்ட்டுக்கு ஏற்றினால் 960. துடிப்பு தொடங்கிய கணம் எது? பாதி உயரம் என்பது பொறியாளர்களின் வழக்கம். வழக்கம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் கணம் பிறக்கிறது.

இன்னும் நுட்பமான கருவி வந்தால் உண்மையான தொடக்கம் பிடிபடும் என்று மறுக்கலாம். பிடிபடாது. கருவி கூர்மையாகும்போது சரிவுதான் இன்னும் தெளிவாக விரிகிறது. அதன் அடிவாரத்துக்கே போனாலும் அங்கே இரைச்சல் மண்டிக்கிடக்கும். மெதுவாக ஏறும் இடத்தில் சிறு இரைச்சலும் கதவு திறக்கும் நேரத்தைப் பெரிதாக அலைக்கழிக்கும்.

அப்படியானால் எல்லாமே வழக்கம்தானா? இல்லை. அதே துடிப்பு சீராகத் திரும்பத் திரும்ப வரட்டும். ஒரு ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம் வரை அளப்போம். டிரிகரை அரை வோல்ட்டில் வைத்தாலும் நாலரையில் வைத்தாலும் விடை மாறாது. இரு முனையும் ஒரே அளவு நகர்வதால் நம் தீர்ப்பு கழிந்துபோகிறது. தொடக்கம் நம்முடையது, இடைவெளி நம்முடையதல்ல. கடிகாரத் தட்டலும் ஒரு விளிம்புதானே, கணத்தைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டுவிட்டாயே என்று கேட்பவருக்கு 1967-இன் வரையறையே பதில்: ஒரு நொடி என்பது சீசியம் அணுவின் ஒரு கதிர்வீச்சு 9,192,631,770 முறை அலைவதற்கு ஆகும் நேரம். அலையின் எந்தப் புள்ளியிலிருந்து எண்ண வேண்டும் என்று அது சொல்வதில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

கனமான ஆட்சேபம் கிறித்தவ மெய்யியலாளர் அகுஸ்தீனிடமிருந்து வருகிறது. போனது இல்லை, வரப்போவது இன்னும் இல்லை. ஆகவே நாம் அளப்பது மனத்தில் பதிந்த தடத்தைத்தான் என்பது அவர் முடிவு. தடம் வேண்டும் என்பதில் அவர் பக்கமே நிற்கிறேன். கவுன்டரும் எண்ணிக்கையை எங்கேனும் தேக்கிவைத்தாக வேண்டும். ஆனால் அந்தத் தேக்கத்துக்கு மனம் தேவைப்படவில்லை. யாரும் பார்க்காத இரவிலும் அதே எண்தான் அங்கே நிற்கும்.

என் வாதம் தளரும் இடமும் உண்டு: ஒரே முறை நிகழ்ந்து மீளாத துடிப்பு. அதற்கு அடுத்த ஏற்றம் இல்லை. விளிம்பு மட்டுமே உண்டு, விளிம்புக்கோ தீர்ப்பு வேண்டும். ஜாதகம் கணிப்பவர்கள் பிறந்த நேரத்தைக் குறிக்கும்போது படும் பாடு இதுதான். குழந்தையின் தலை வெளியே தெரிந்ததா, உடல் முழுதும் வந்ததா, முதல் அழுகையா, கொடி அறுத்ததா? சரிவின் எந்த உயரத்தில் கோடு போடுவது என்ற வழக்கு அங்கே இன்னும் முடியவில்லை.