சுமை குறைத்த யாத்திரை



மழைக்காலம் கழிந்து பனிக்காலம் வந்ததும், புத்தகயைக்கும் சாரநாத்துக்கும் குசிநகரத்துக்கும் லும்பினிக்கும் யாத்திரை செல்வோர் மூட்டை கட்டத் தொடங்குவர். பெங்களூரிலிருந்து பீகாரின் தானாப்பூர் வரை ஓடும் இரயிலுக்குச் சங்கமித்திரா என்றே பெயர். போதி மரக்கிளையைக் கடல் கடந்து இலங்கைக்குக் கொண்டு சென்ற பிக்ஷுணியின் திருப்பெயர் அது. அப்பெயர் தாங்கிய வண்டியில் ஏறும் நாம், யாத்திரை என்பது யாது, அதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்று ஏறுமுன்னரே ஆராய்தல் நலம்.

யாத்திரை செய்தோருள் நமக்கு வழிகாட்டியாக நிற்பவர் அசோகச் சக்கரவர்த்தி. அவருக்கு முன்னிருந்த அரசர்கள் வேட்டைக்கும் களிப்புக்குமாக நாடு சுற்றினர். தாம் முடிசூடிப் பத்தாண்டுகள் ஆனபின் போதியை நாடிச் சென்றதையும், அதுமுதல் தம் பயணம் தம்ம யாத்திரை ஆனதையும் அவர் எட்டாம் பாறைக் கல்வெட்டில் பொறித்து வைத்தார். அந்த யாத்திரையில் அவர் செய்தவை எவை? துறவியரைக் கண்டு தானம் அளித்தார். முதியோரைக் கண்டு பொன் வழங்கினார். நாட்டுப்புறத்து மக்களைக் கண்டு அறம் பேசினார்.

முடிசூடிய இருபதாம் ஆண்டில் அவர் லும்பினிக்குச் சென்றார். அங்கு அவர் நாட்டிய தூணின் எழுத்து 1896-ல் வெளிப்பட்டது. நேபாள நாட்டில் அத்தூண் இன்றும் நிற்கின்றது. பகவன் பிறந்த ஊராதலின், அவ்வூரார் செலுத்தி வந்த பலி என்னும் வரியை நீக்கி, விளைவில் எட்டில் ஒரு பங்கு செலுத்தினால் போதும் என்று விதித்த செய்தி அதில் உள்ளது. அரசன் ஓர் ஊருக்கு வருவதென்றால், யானைக்கும் குதிரைக்கும் சேனைக்கும் தீனி போடும் பாரம் குடியானவன் தலையில் விழுவது உலக வழக்கம். இவ்வரசர் வந்து போனபின்போ குடியானவனின் பாரம் குறைந்தது. யாத்திரையை அளக்கும் கோல் இதுவே: நாம் வந்து போனதால் அவ்வூராருக்குச் சுமை குறைந்ததா, கூடிற்றா?

வரியைக் குறைக்கும் அதிகாரம் நமக்கேது என்று கேட்பீர்கள். சுமையைக் கூட்டாதிருக்கும் அதிகாரம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

பகவன் காலத்தில் பிக்ஷுக்கள் மழைக்காலத்திலும் ஊர் ஊராய் நடந்தனர். பசும்புல்லை மிதிக்கின்றனர், சிற்றுயிர்களை நசுக்குகின்றனர் என்று மக்கள் குறை கூறினர். அறம் பரப்பச் செல்கின்றோம், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பகவன் விடை சொல்லவில்லை. மூன்று மாதம் ஓரிடத்தில் தங்குக என்று விதித்தார்; மழைக்கால வாசம் அவ்வாறு தோன்றிற்று. பசும் பயிர்மீதும் நீரிலும் எச்சில் உமிழலாகாது, மலசலம் கழிக்கலாகாது என்பதும் விநயம். ஆகவே, புண்ணிய காரியமாகச் செல்கின்றோம் என்பது பிறர் நிலத்தை மாசாக்கக் கொடுத்த அநுமதிச் சீட்டு ஆகாது.

புத்தகயையின் அருகே ஓடும் நிரஞ்சனை கோடையில் வெறும் மணலாய்க் கிடக்கும் நதி. அம்மணலில் நாம் எறியும் பிளாஸ்டிக் போத்தல், நாம் வீடு திரும்பிப் பிரசங்கம் கேட்கும் நாளிலும் அங்கேயே கிடக்கும். வீட்டிலிருந்து எவர்சில்வர் பாத்திரத்தில் நீர் கொண்டு செல்க. போதி மரமும் அங்ஙனமே. முன்னிருந்த மரம் 1876-ல் வீழ்ந்தது; இன்று நிற்பது அதன் வழித்தோன்றல். உதிர்ந்த இலை கிட்டினால் மகிழ்க. கிளையில் கை வைக்கற்க.

இனி மக்களிடம் நடந்துகொள்ளும் முறை. ஒரே கலத்தை ஒரு நாட்டார் ஒரு பெயராலும் மற்றொரு நாட்டார் வேறொரு பெயராலும் வழங்குவர். தன் சொல்லே மெய், பிறர் சொல் பொய் என்று பிடிவாதம் கொள்ளலாகாது என்று பகவன் அறிவுறுத்தினார். கயையைச் சூழ்ந்த மக்கள் பேசுவது மகஹி மொழி. உண்பது லிட்டியும் சத்து மாவும். நம் சோறும் இரசமும் கிடைக்கவில்லையே என்று அவ்வூரைப் பழிப்பவர், கலத்தின் பெயருக்காகச் சண்டையிட்டவரே ஆவர்.

கார்த்திகை வளர்பிறையின் ஆறாம் நாளில் பீகார் மக்கள் நீரில் இறங்கி நின்று சூரியனை வழிபடுவர். அதற்குச் சட் பூஜை என்று பெயர். யாத்திரை சென்ற நம்மவர் சிலர் கரையில் நின்று, மூட வழக்கம் என நகைக்கின்றனர்; விரதமிருக்கும் பெண்களின் முகத்துக்கு நேரே புகைப்படக் கருவியை நீட்டுகின்றனர். பிறர் சமயத்தை இகழ்வோன் தன் சமயத்துக்கே கேடு செய்கின்றான் என்பது அசோகரின் பன்னிரண்டாம் பாறைக் கல்வெட்டின் கருத்து. நம் கொள்கையை நாம் விட வேண்டுவதில்லை. ஆனால் ஏளனத்தால் எக்கொள்கையும் வளர்ந்ததில்லை.

பகவன் அந்த நதிக்கரைக்கு வந்தபோது அவரும் வெளியூராரே. பட்டினியால் மெலிந்த அவருக்குப் பாற்சோறு அளித்தவள் அவ்வூர்ப் பெண் சுஜாதை. அந்த உணவு கொண்டே அவர் போதியின் அடியில் அமர்ந்தார். அப்பெண்ணின் ஊராருக்கு நாம் பட்ட கடன் இன்னும் தீரவில்லை. அப்படியிருக்க, ரிக்ஷாக்காரரிடம் பத்து ரூபாய்க்கு வழக்காடி வென்று, உண்டியலில் நூறு ரூபாய் போடுவது எவ்வகைத் தானம்?

நாம் நூற்பாலையில் உழைத்த நாளில் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்டு முடிந்து செல்வோர் பஞ்சுத் தூசியைத் துடைத்து, அறுந்த இழைகளை ஒட்டியபின்னரே இயந்திரத்தை அடுத்தவரிடம் ஒப்படைப்பர். வருபவர் உறவினரா, பகைவரா என்று பார்ப்பதில்லை. புண்ணியத் தலமும் அத்தகையதே. நமக்குப்பின் வேறொரு கூட்டம் வரும், அவர்களும் போவர். அவ்வூராரோ ஆண்டு முழுதும் அங்கேயே வாழ்வர்.

ஆதலால், அன்பர்களே, வண்டி ஏறுமுன் பஞ்சசீலம் ஏற்கும்போது மற்றொரு சங்கற்பமும் செய்துகொள்க: யாம் செல்லும் ஊரில் எவர் தலையிலும் சுமை ஏற்றோம், இயன்றால் ஒன்றையேனும் இறக்கி வைப்போம்.

சகல சீவர்களும் சுகம் பெறுக! சாது! சாது! சாது!