விருந்தாளியின் கண்

ரொசாலுக்குப் போனபோது எனக்கு முதலில் ஏற்பட்டது சந்தோஷம்தான். இதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது.

வேலை தொடர்பான ஒரு பயிற்சிக்காக லண்டன் போயிருந்தேன். முடிந்ததும் கையில் ஒரு வாரம் மிச்சம் இருந்தது. வடக்கே போனேன். ஸ்காட்லாந்தின் வட கோடியில் ஸ்ட்ராத்நேவர் என்று ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே வரிசை பிடித்து நட்ட ஊசியிலை மரக்காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடந்தால் சட்டென்று வெட்டவெளி வருகிறது. புல்மேடு. புல்லுக்குள் தாழ்ந்து கிடக்கும் கல் வரிசைகள். அவை ஒரு காலத்தில் வீடுகள். நான் ஒரு சுவர்மீது உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்றேன். என்ன ஓர் அமைதி என்று நினைத்தேன். தகவல் பலகையை அதற்குப் பிறகுதான் வாசித்தேன்.

அந்த அமைதி தானாக வந்தது இல்லை. ஆட்டு மந்தை விட்டால் குடியானவனின் வாரத்தைவிடப் பல மடங்கு பணம் வரும் என்று கண்டுகொண்ட பிரபுக்கள், 18ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து மலைநாட்டு மக்களை அவர்களின் ஊர்களிலிருந்து கிளப்பினார்கள். ஸ்ட்ராத்நேவரில் 1814இலும் 1819இலும் பெரிய அளவில் நடந்தது. நிலம் சதர்லாந்து குடும்பத்துடையது. 1814இல் வேலையை முன்னின்று நடத்தியவர் பேட்ரிக் செல்லர். வீட்டை இடிப்பதோடு கூரை மரங்களையும் கொளுத்தினார்கள். மரம் கிடைப்பதே அரிதான அந்தப் பக்கத்தில் கூரை மரம் போனால் வீடு மறுபடி எழும்பாது. செல்லர்மீது 1816இல் இன்வெர்னஸ் நகரில் வழக்கு நடந்தது. விடுதலையானார்.

இதே காலத்தில்தான் 'ஸ்காட்லாந்துப் பாரம்பரியம்' பிறக்கிறது என்பது இன்னொரு வேடிக்கை. 1746இல் சட்டம் போட்டுத் தடுத்த மலைநாட்டு உடையை, 1822இல் எடின்பரோவுக்கு வந்த மன்னர் நான்காம் ஜார்ஜ் தானே உடுத்திக்கொண்டு நின்றார். ஏற்பாடு நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். 1851இல் லேண்ட்சீர் ஒரு கம்பீரமான கலைமானை வரைந்தார். பின்னால் மலை, மூடுபனி. மனிதர் ஒருவரும் இல்லை. இன்றும் அந்த மானைப் பார்க்காமல் அங்கே பிஸ்கட் டப்பா வாங்குவது கஷ்டம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது மானும் இல்லை, செல்லரும் இல்லை. ஒரு நல்லவர்.

ஹாரியட் பீச்சர் ஸ்டோவ். அமெரிக்க அடிமைமுறைக்கு எதிராக எழுதிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலால் உலகப் புகழ் பெற்றவர். 1853இல் பிரிட்டனுக்குப் பயணம் வந்தார். அவரை வரவேற்று விருந்து வைத்தவர்களில் முக்கியமானவர், அடிமை ஒழிப்பை ஆதரித்த சதர்லாந்து சீமாட்டி. அதாவது ஸ்ட்ராத்நேவரைக் காலி செய்த அதே குடும்பத்தின் அடுத்த தலைமுறை. ஊருக்குத் திரும்பிய ஸ்டோவ் 1854இல் ஒரு பயண நூல் எழுதினார். தலைப்பே வெளிநாடுகளின் வெயில் படர்ந்த நினைவுகள் என்ற பொருளில் இருக்கும். அதில், சதர்லாந்தில் மக்கள் துரத்தப்பட்டார்கள் என்ற பேச்சை மறுத்து, நடந்தது முன்னேற்றம் என்று எழுதினார். அதற்கு அவர் நம்பிய ஆதாரம், அந்த எஸ்டேட்டின் நிர்வாகி ஜேம்ஸ் லோக் தந்த விவரங்கள்.

அவருக்குப் பதில் சொன்னவர் ஒரு கொத்தனார். டொனால்ட் மெக்லியோட், ரொசாலில் பிறந்தவர். ஓர் இரவு உயரமான இடத்தில் ஏறி நின்று எரியும் வீடுகளை எண்ணியதாகவும், 250 வீடுகள் என்றும் எழுதியவர். கடைசியில் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தார். 1857இல் டொரொண்டோவில் வெளிவந்த தன் புத்தகத்துக்கு 'இருண்ட நினைவுகள்' என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். ஸ்டோவின் வெயிலுக்கு நேர் பதில்.

ஸ்டோவ் பொய் சொன்னார் என்று எனக்குத் தோன்றவில்லை. நம்மில் பலரைவிட மனசாட்சி உள்ளவர். பிறகு எப்படித் தவறினார்? பயணி என்பவர் எப்போதும் யாரோ ஒருவரின் விருந்தாளி. எந்த ஜன்னலைத் திறப்பது, எந்தத் திரையை இழுத்துவிடுவது என்று முடிவு செய்வது விருந்து வைப்பவர். சாப்பிட்ட வீட்டைப் பற்றித் தப்பாக எழுத நமக்கும்தான் கை வராது.

இவ்வளவும் யோசித்த பெருமையோடு நான் ஜாசினுக்குத் திரும்பினேன்.

எனக்கு இந்தக் கதை அந்நியமும் இல்லை. மழைச்சட்டைக்கு ரப்பரைப் பூசக் கண்டுபிடித்த சார்ல்ஸ் மெக்கின்டாஷ் கிளாஸ்கோக்காரர். 1888இல் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்ற ஜான் டன்லப்பும் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அந்த டயர் உருளத்தான் எங்கள் பாட்டன் பூட்டன்கள் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். பேராவில் ஸ்ட்ராத்திஸ்லா என்றொரு தோட்டம் உண்டு, தமிழ்ப்பள்ளியும் உண்டு. 'ஸ்ட்ராத்' என்றால் கேலிக் மொழியில் ஆற்றுப் பள்ளத்தாக்கு. துரத்தப்பட்டவர்களின் மொழிச் சொல் ஒன்று, பின்னாளில் துரத்தப்படப் போகிறவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் பெயராக வந்திருக்கிறது.

எங்கள் பக்கத்தில் புக்கிட் ஆசாகான். டான் சாய் யான் 1898இல் அங்கே ரப்பர் நட்டார். இந்நாட்டின் மிகப் பழைய ரப்பர் தோட்டங்களில் ஒன்று. 1967இல் அந்தத் தோட்டத்துத் தொழிலாளர்கள் நியாயம் கேட்டுக் கோலாலம்பூரை நோக்கி நடந்தே போனார்கள். ஜாசினில் இன்று எத்தனை இளைஞர்களுக்கு இது தெரியும்? எனக்கே முப்பது வயதில்தான் தெரிந்தது.

நான் பிறந்தது இன்னொரு தோட்டம். பெயர் வேண்டாம். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது. ஒவ்வொரு குடும்பமாகத் தாமான் வீடுகளுக்குப் போனது. யாரும் கூரையைக் கொளுத்தவில்லை, உண்மைதான். தண்ணீர்க் குழாயை அடைத்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

போன வருஷம் கேமராவோடு அங்கே போனேன். செம்பனை வரிசைகளுக்கு நடுவே எங்கள் பழைய லயம். தூரத்தில் லேடாங் மலை. சாயங்கால வெளிச்சம். ரொசாலில் வந்த அதே சந்தோஷம் வந்தது, தொண்டை அடைத்தது, படம் எடுத்தேன். ஓரத்தில் கயிறு கட்டித் துணி காயப் போட்டிருந்தது. அது படத்தைக் கெடுத்தது. வீட்டுக்கு வந்து வெட்டினேன். 'கைவிடப்பட்ட எங்கள் வரலாறு' என்று எழுதிப் பதிவிட்டேன். நிறைய பேர் கலங்கினார்கள்.

அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத போயி அழகுங்கிற. மழ பேஞ்சா மூணு சட்டி வைக்கணும் அந்த வூட்ல."

பிறகு விரலால் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கினார். நான் வெட்டியது சரியாக வெட்டுப்படவில்லை போலிருக்கிறது. ஒரு கைலியின் முனை மிச்சம் இருந்தது.

"துணி காயுது பாரு. யாரு இருக்கா இப்ப நம்ம வூட்ல?"

எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை என்பதுதான் சரி.

ஸ்டோவுக்காவது ஒரு சீமாட்டி விருந்து வைத்தார். எனக்கு விருந்து வைத்தது என் சிறு வயதுதான். அது காட்டிய ஜன்னல் வழியாக மட்டும் பார்த்தேன். அதற்குப் பிடிக்காத ஆளை நானே வெட்டி எறிந்தேன். பாதிக்கப்பட்டவனின் பேரன் என்பதால் என் கண் சுத்தமாகத்தான் இருக்கும் என்று நான் எப்படி நம்பினேன்? இழப்பு நம்முடையதாக இருக்கலாம். அதனாலேயே அந்த இடமும் நம் ஞாபகத்துக்கு மட்டும் சொந்தமாகிவிடுமா?

ஞாபகத்தை நிலமாக மாற்றப் பார்த்தவர்களும் இருந்தார்கள். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களின் சின்னச் சின்னப் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கினார்கள். ஸ்காட்லாந்தில் எய்க் தீவின் மக்கள் 1997இல் தங்கள் தீவையே விலைக்கு வாங்கினார்கள். அவர்களுக்கு அழகைப் பற்றிப் பேச நேரம் இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். கேமரா எடுத்துப் போகவில்லை. வாசலில் ஓர் இளைஞர் அரிசி களைந்துகொண்டிருந்தார். வங்காளதேசத்துக்காரர். செம்பனைக் குலை வெட்டும் வேலை. என்னை அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றார். நான் தட்டுத் தடுமாறி விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"டூலு அபாங் சினி திங்கால்?"

ஆமாம், நான்காவது கதவு என்றேன். அதுதான் அவர் அறை. உள்ளே கூப்பிட்டார். சுவரில் என் அக்கா ஆணியால் கீறிய உயரக் கோடுகளைத் தேடினேன். மேலே நீலச் சாயம் அடித்திருந்தார்கள். தரையில் இரண்டு வாளிகளும் ஒரு சட்டியும் வரிசையாக இருந்தன.

கூரையைக் காட்டி, அப்போதும் ஒழுகுமா என்று கேட்டார்.

ஒழுகும் என்றேன்.