விதை இருக்குது, நிலம் எங்கே?

போன தை மாதம் பக்கத்து ஊரில் பாரம்பரிய விதைத் திருவிழா. மாப்பிள்ளைச் சம்பா, கறுப்புக் கவுனி, காட்டுயானம் என்று வரிசையாகத் தட்டுகளில் வைத்திருந்தார்கள். சாமை, வரகு, கேழ்வரகு தனியாக. மேடையில் பேசியவர், நம் முன்னோர் உண்ட உணவுக்குத் திரும்புவோம், குடும்ப விவசாயத்தைக் காப்போம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். தட்டிய பிறகுதான் உறைத்தது. அந்த 'நம்' என்ற சொல்லுக்குள் நான் இருக்கிறேனா?

வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொன்னேன். திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர். ஏரிக்குக் கீழே நஞ்சையெல்லாம் ஊர்த்தெருக்காரர்களுடையது. சேரிக்கு மிஞ்சியது கூலி. ஆயா சிரித்துவிட்டுச் சொன்னது: "செவப்பு நெல்லு, கறுப்பு நெல்லு எல்லாம் நட்டது நாங்கதான், அறுத்ததும் நாங்கதான். அத ஆக்கித் தின்னது யாரு? நம்ம அடுப்புல கேவுரு கூழுதான். நெல்லுச் சோறு பொங்கலுக்கு ஒருநாளு."

நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு ஒதுக்கியது, காயவைத்தது, வேப்பிலை போட்டுப் பானையில் கட்டிவைத்தது எல்லாம் அவர்தான். அறிவு ஆயாவுடையது, பானை ஆண்டை வீட்டுடையது. கூழ் குடிக்கிற சாதி என்று எங்களைக் கேலி செய்த வாய்களே இன்று கேழ்வரகின் சத்தைப் பேசுகின்றன. தானியத்தின் இழிவு நீங்கிவிட்டது. குடித்தவர்களின் இழிவு நீங்கியதா?

குடும்ப விவசாயம் என்கிறார்கள். களையெடுத்ததும் குடும்பங்கள்தாம், ஆனால் கணக்கில் அவை 'ஆள்' என்று மட்டுமே எழுதப்பட்டன. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். நெல்லுக்கு இந்த நினைவும் உண்டு.

ரேஷன் அரிசியை விஷம் என்று சொல்லும் நண்பர்களும் ஆயாவைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து அது இலவசம். "அந்த அரிசி வந்த பின்னாடிதான் களத்துமேட்டுல கைகட்டி நிக்கிறது போச்சு" என்கிறார். பட்டை தீட்டிய அரிசியில் சத்து குறைவு, உண்மை. ஆனால் அதில் கொஞ்சம் விடுதலை இருந்தது.

அப்படியானால் பழைய தானியம் வேண்டாமா? வேண்டும். குறைந்த மழையிலும் விளைகிறது, வருஷா வருஷம் கடை விதைக்குக் கையேந்த வேண்டியதில்லை. அது எங்கள் பாட்டிகளின் அறிவு, அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? என் கேள்வி வேறு. நல்ல காரியம் ஒன்றை, அநீதியான ஏற்பாட்டைத் தொடாமல் செய்தால் அது நல்ல காரியமாகவே இருக்குமா? பாதிதான் இருக்கும் என்பேன்.

மீதிப் பாதியை தெலங்கானாவில், இன்று சங்காரெட்டி மாவட்டமாக உள்ள ஜஹீராபாத் பகுதியில், தலித் பெண்கள் செய்து காட்டினார்கள். 1980களில் தொடங்கி, தக்காணவளர்ச்சிச் சங்கம் என்ற அமைப்போடு ஊர்தோறும் சங்கமாகச் சேர்ந்து, தரிசுகளைத் திருத்தினார்கள், குத்தகைக்கு நிலம் எடுத்தார்கள். சோளம், தினை, பயறு என்று ஒரே காட்டில் கலந்து விதைத்தார்கள். விதையை வீட்டில் வைத்து, அடுத்தவளுக்குக் கடன் கொடுத்து, விளைந்த பின் திரும்ப வாங்கினார்கள். ஊரில் யார் மிக ஏழை என்று அவர்களே தீர்மானித்து, மலிவு விலைக்குச் சோளம் அளந்தார்கள். 2019இல் ஐ.நா.வின் ஈக்குவேட்டர் பரிசு அந்த அமைப்புக்குக் கிடைத்தது. அங்கே விதையும் மண்ணும் முடிவெடுக்கிற உரிமையும் சேர்ந்தே வந்தன.

நமக்கோ, 1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையை ஒட்டி ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் இருந்தது. சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிறருக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தும் பெரும்பகுதி கைமாறிவிட்டது. 1994இல் காரணையில் அதை மீட்கப் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்கச் சாகுபடிப் பரப்பில் தலித்துகள் வசம் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு.

விதைத் திருவிழா நடத்துகிற தோழர்களுக்குச் சொல்ல எனக்கு ஒன்றுண்டு. தட்டில் நெல் வைக்கும்போது, அந்த ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்களையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். மேடையில் ஒரு நாற்காலி நடவுப் பெண்ணுக்கு. திருவிழாவில் வாங்கிய ஒரு கைப்பிடிச் சாமையை ஆயாவிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் தேய்த்து, ஊதிப் பார்த்து, "நல்ல வெதைதான்" என்றார். பிறகு கேட்டார்:

"எங்கடா வெதைக்கிறது?"